தலைக்கட்டுக்கு ஒரு குரல் என்றால், வரி மட்டும் ஏன் ஆளுக்கு ஒன்று?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்க் கமிட்டிகளின் தலைவர், செயலாளர், கணக்கர் அனைவருக்கும்.

அண்ணன்மாரே, மாமன்மாரே, சித்தப்பாமாரே,

நலம் விசாரிக்க எழுதும் மடல் அல்ல இது. நாங்கள் கடலில் முங்கி எடுத்து விற்கும் காய்ந்த கடற்பாசிக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் ஊர் வரி என்று இரவுக் கூட்டத்தில் முடிவெடுத்து, விடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். கூட்டத்துக்கு வந்த பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னீர்கள். ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. “தலைக்கட்டுக்கு ஒரு ஆள். உங்க வீட்டு ஆம்பளை வந்திருக்கு, போதும்” என்றீர்கள். ஆம்பளை இல்லாத வீட்டுக்காரி என்ன செய்வாள் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. கூட்டப் புத்தகத்தில் அந்த இரவைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த இடம் அரை வரி: “பெண்கள் கூச்சலிட்டனர்.”

ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் பேச்சு வரியை விட்டுவிட்டு ஊர் மானத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த வழக்கம் ஒரு ஊரோடு நிற்பதும் இல்லை. படிக்கிறவர்களுக்குத் தங்கள் ஊர் தெரியும்.

முதலில் வரியையே எடுத்துக்கொள்வோம். பாசி எல்லாம் ஒரு விலை அல்ல. மரிக்கொழுந்துப் பாசி அகர் என்ற உறைபொருள் காய்ச்சப் போகிறது, விலை கூட. கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்குப் போகிறது, அதன் விலையோ அடிமட்டம். இரண்டுக்கும் கிலோவுக்கு அதே 2 ரூபாய் என்றால், மரிக்கொழுந்து எடுப்பவளுக்கு அது சில்லறை, கட்டக்கோரை எடுப்பவளுக்கு ஒரு வேளைச் சோறு. ஆழத்துக்கு முங்க முடியாமல் கட்டக்கோரையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அடுத்தது எடை. கரைக்கு வந்த ஈரப்பாசியை மணலில் பரப்பி இரண்டு மூன்று நாள் காய வைத்தால்தான் அது காய்ந்த பாசி. எந்த அளவு காய்ந்ததும் வரி என்று தீர்மானத்தில் இல்லை. மணலுக்கும் ஈரத்துக்கும் என்று வியாபாரி ஏற்கெனவே எடையில் கழிக்கிறார். வரி கழிவுக்கு முந்திய எடைக்கா, பிந்திய எடைக்கா? அதுவும் இல்லை. வரியை வியாபாரியே பிடித்து ஊருக்குக் கட்டட்டும் என்று விட்டுவிட்டீர்கள். முன்பணம் வாங்கி ஏற்கெனவே அவரிடம் கட்டுப்பட்டு நிற்கிறவளின் கணக்கில், அவர் கையாலேயே இன்னொரு பிடித்தம். எவ்வளவு பிடித்தார், எவ்வளவு கட்டினார் என்று பார்க்க அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

இத்தனை ஓட்டையையும் அந்த இரவிலேயே பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பாசி எடுக்கும் எவளும் சொல்லியிருப்பாள். பாசி எடுக்காதவர்கள் கூடி முடிவெடுத்ததால் வந்த ஓட்டை இது. கெட்ட எண்ணம் என்று நாங்கள் சொல்லவில்லை.

இனித் தலைக்கட்டுக் கணக்கு. மகனுக்குக் கல்யாணமானால் தனித் தலைக்கட்டு. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு குரல். அவனைப் பெற்றவள் புருஷனை இழந்தால் மகன் தலைக்கட்டுக்குள் கரைந்துவிடுகிறாள். தனியாக இருந்தால் சில ஊரில் அரை வரி, சில ஊரில் வரி இல்லை. குரல் மட்டும் எந்த ஊரிலும் இல்லை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் கிடப்பவனின் தலைக்கட்டுக்கு யார் பேசுகிறார்? அண்ணனோ தம்பியோ மச்சானோ. வக்கீலுக்கும் அதிகாரிக்கும் நடந்து, வட்டிக்கு வாங்கி, அடுப்பெரிய வைக்கிற பெண்டாட்டி பேசுவதில்லை. வெளிநாடு போனவன் வீட்டிலும் இதே கதை. ஆக, தலைக்கட்டு என்பது குடும்பம் அல்ல, குடும்பத்தில் உள்ள ஆண்பிள்ளை. அப்படியே எழுதிவிட்டால் நேர்மையாக இருக்கும். இந்தப் பாசி வரியையோ தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடவில்லை. முங்குகிறவள் ஒவ்வொருத்தி தலையிலும் போட்டீர்கள். வாங்கும்போது ஆள் கணக்கு, கேட்கும்போது வீட்டுக் கணக்கு.

“இது நம்ம வழக்கம், நேத்து இன்னிக்கு வந்ததா?” என்பது உங்கள் பதில். இந்தப் பதிலுக்கும் வயது உண்டு. 1917 டிசம்பரில் இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் பார்த்து மனு கொடுத்தது. மனுவை எழுதியதில் முக்கியப் பங்கு அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸுக்கு. அந்த ஆண்டுதான் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. மனுவின் உயிர்நாடி ஒரு சொல்: வாக்குரிமை வகுக்கும்போது பெண்களையும் ‘மக்கள்’ என்று கருத வேண்டும். ஓலமில்லை, வசையில்லை. ‘மக்கள்’ என்று எழுதிவிட்டுப் பாதி மக்களை விட்டுவிடாதீர்கள் என்ற ஒரே பிடி. அரசியல் பேச்சில் அதைவிடச் சிக்கனமான வாதத்தை நாங்கள் பார்த்ததில்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு அதையும் தள்ளியது. சமூகம் இன்னும் தயாராகவில்லை, பர்தா இருக்கிறது, வழக்கம் இடம் தராது என்பவைதான் காரணங்கள். 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணச் சபைகளிடம் தள்ளிவிட்டது. 1921இல் சென்னை மாகாணச் சபை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். கொடுத்தது முழுக்க ஆண்கள் இருந்த சபை. இதை ஒரு முறை நிறுத்திப் படியுங்கள். தன் கையில் இருந்ததைத் தானே பகிர்ந்துகொண்ட ஆண்கள் சபை இந்த மாகாணத்திலேயே இருந்திருக்கிறது. பெண்கள் சபையில் உட்காரலாம் என்ற கதவு 1926இல் திறந்தது. 1927இல் நியமன உறுப்பினராக வந்த முத்துலட்சுமி ரெட்டியை அந்தச் சபையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அந்த வாக்குரிமையும் எல்லாப் பெண்களுக்கும் அல்ல, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான். 1935 சட்டம் சற்று அகலமாக்கியபோது கொண்டுவந்த அளவுகோல்களில் ஒன்று உங்கள் தலைக்கட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. சொத்துள்ளவனின் மனைவி என்பதால் வாக்கு. கையொப்பமிடத் தெரிந்தவளைவிட, பட்டம் வாங்கியவளைவிட, புருஷனின் சொத்து பேசியது. இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும் இதை எதிர்த்தன. மனைவி என்ற தகுதியில் கிடைக்கும் வாக்கு வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்றன. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் சின்ன விஷயமா? அப்படியிருந்தும் அந்த 1935 சட்டம்கூட, படையில் இருந்து இறந்தவனின் ஓய்வூதியம் வாங்கும் விதவைக்கும் தாய்க்கும் வாக்கு வைத்திருந்தது. வெள்ளைக்காரன் சட்டத்தில் கைம்பெண்ணுக்கு இருந்த சந்து ஊர்க் கூட்டத்தில் இல்லை.

இந்தக் கரையில் ஓலைக் குடிசைக்காரிக்கு வாக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான். அந்தத் தேர்தலிலும் ஒரு சங்கதி உண்டு. பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் வட மாநிலப் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவாயிற்று. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயரில்லாத பதிவு செல்லாது என்றார். திருத்த அவகாசம் கொடுத்தும், ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவுதான், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலான பெயர்கள் வந்து சேர்ந்தன. உங்கள் நிவாரணப் பட்டியல் நோட்டைத் திறந்து பாருங்கள். ‘மூத்த மகன் சம்சாரம்’, ‘கீழவீட்டு அம்மா’, ‘முடமானவர் பெஞ்சாதி’. எத்தனை பெண்ணுக்கு அங்கே சொந்தப் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

‘கூச்சல்’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

கூட்டத்தில் ஆண் சத்தம் போட்டால் ஆவேசப் பேச்சு. பெண் சத்தம் போட்டால் சண்டை. மெதுவாகச் சொன்னால் காதில் விழவில்லை. அழுதால் நாடகம். கணக்கோடு சொன்னால் “யார் சொல்லிக் குடுத்தது?” எந்தத் தொனியில் பேசினாலும் தப்பு என்றால், தொனியில் தப்பில்லை. வட்டி எவ்வளவு, பள்ளிக்கூடப் பீஸ் எவ்வளவு, ஐஸ் விலை எவ்வளவு என்று ஒருத்தி அடுக்குவதை வீட்டுப் புலம்பல் என்று ஒதுக்குகிறீர்கள். அதுதான் வரவு செலவு அறிக்கை. சட்டசபையில் நிதியமைச்சர் படிப்பதும் அதுதான், கொஞ்சம் நீளம்.

சொன்னதைவிட, சொன்னதை எழுதுகிறவன் கைதான் பெரிது. இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலையான சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் நடந்த பெண் உரிமை மாநாட்டில் பேசினார். அவருக்கு எழுத்து தெரியாது. அங்கிருந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் சில வாரங்களிலேயே அந்தப் பேச்சை வெளியிட்டார். 12 ஆண்டு கழித்து, 1863இல், மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சஸ் கேஜ் தன் நினைவிலிருந்து வேறொரு வடிவம் எழுதினார். “நான் பெண் இல்லையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கும் புகழ்பெற்ற வரி இந்த இரண்டாவதில்தான் வருகிறது, முதல் பதிவில் இல்லை. போதாததற்கு, தென்மாநில அடிமைகளின் கொச்சையையும் ட்ரூத்தின் வாயில் வைத்துவிட்டார். ட்ரூத் பிறந்தது நியூயார்க்கில், பேசி வளர்ந்த மொழி டச்சு. அனுதாபத்தோடு எழுதிய கையே ஒரு பெண்ணின் பேச்சை இப்படி மாற்றும் என்றால், எரிச்சலோடு எழுதும் கை என்ன செய்யும்? அரை வரியாக்கும்.

வரியும் குரலும் சேர்ந்தது என்பதும் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியா துலீப் சிங் இங்கிலாந்தில் இருந்தார். வாக்கு இல்லை என்றால் வரி இல்லை என்று, நாய்க்கும் வண்டிக்கும் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தைக் கட்ட மறுத்தார். 1911இல் அவருடைய வைர மோதிரத்தை எடுத்துக்கொண்டுபோய் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் தோழி ஒருவர் எடுத்து அவரிடமே கொடுத்தார். எங்களிடம் வைர மோதிரம் இல்லை. காயப்போட்ட பாசி இருக்கிறது. அந்த எல்லைக்குப் போக வேண்டாம் என்றுதான் முதலில் மடல் எழுதுகிறோம்.

ஊர்க் கூட்டம் தனி, அரசாங்கத் தேர்தல் தனி என்பீர்கள். சுவிட்சர்லாந்தில் அப்பென்செல் இன்னர்ரோடன் என்று ஒரு சின்ன மாகாணம். ஆண்டுக்கு ஒரு முறை ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் நின்று கை தூக்கி முடிவெடுப்பார்கள். ஆண்களுக்கு இடுப்பில் தொங்கும் வாள்தான் வாக்காளர் அட்டை. நாட்டளவில் பெண்களுக்கு 1971இலேயே வாக்கு வந்துவிட்டது. இந்தச் சதுக்கத்துக்கு மட்டும் வரவில்லை, எங்கள் வழக்கம் தனி என்றார்கள். 1990 ஏப்ரலிலும் கை தூக்கி மறுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. 1991 ஏப்ரலில் பெண்கள் சதுக்கத்தில் நின்றார்கள். சதுக்கம் இன்னும் இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது. வாளும் தொங்குகிறது.

குடவோலையைப் பற்றிப் பெருமை பேசாத ஊர்க் கூட்டம் கிடையாது என்பதால் ஒரு வார்த்தை. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வது வாக்கெடுப்பை அல்ல, சீட்டுக் குலுக்கலை. குடத்தில் பெயர் போடவே கால்வேலி நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். அந்தக் குடத்தில் எங்கள் பெயர் இருந்திருக்காது, அண்ணன்மாரே, உங்கள் பெயரும் இருந்திருக்காது.

“அதான் கிராமசபை இருக்கே” என்றும் சொல்கிறீர்கள். இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும், 3001 முதல் 10,000 வரை 200 பேர். அந்த எண்ணிக்கையை நிரப்ப எங்களைத்தான் வேலைத் தளத்திலிருந்து கூட்டிவருவார்கள். கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு. ஊராட்சி மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டோடு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அப்படிப் போனபோது எங்களுக்கென்று இருந்த நாற்காலிகளும் போயின. கமிட்டி நாற்காலி ஒன்றும் ஆடவில்லை. தெருவிளக்கும் குழாயும் கிராமசபையில் பேசப்படும். எந்த நாள் கடலுக்குப் போகலாம், ஏலம் யாருக்கு, அபராதம் எவ்வளவு, நிவாரணப் பட்டியலில் யார் பெயர், பாசிக்கு என்ன வரி, எல்லாம் உங்கள் கூட்டத்தில். சோறு எங்கே தீர்மானமாகிறதோ அங்கேதான் குரல் வேண்டும்.

பெண்களுக்குக் கூடி முடிவெடுக்கத் தெரியாது என்பதை மட்டும் இந்தக் கரையில் சொல்லாதீர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்காவானபின் தீவுப் பக்கம் போனாலே பிரச்சினை. பாசியும் குறைந்தது. மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் அறவே எடுக்காமல் விடுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் பாசிப் பெண்கள். அதற்காகத்தான் 2015இல் சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது கிடைத்தது. வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் தீர்மானத்தைப் போட்ட கூட்டம் அது. கமிட்டிகளில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறோம். வரியைப் பற்றித் தொடங்கி, போன வருடத் திருவிழாச் சண்டையில் முடிக்கிறோம். அதற்கு மருந்து வாயை மூடுவதல்ல, ஒழுங்கு வைப்பது. ஒருவருக்கு 3 நிமிடம், செல்போனில் மணி. முதலில் என்ன வேண்டும், அடுத்து ஏன், கடைசியில் கணக்கு. இந்த வரிசையில் பேச நாங்கள் பழகிக்கொள்கிறோம். ஆண்களுக்கும் அதே 3 நிமிடம். தலைவருக்கும்.

இனி, வாக்கெடுப்பு எப்படி நடத்துவது. முடியாத காரியம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக விரிவாகவே எழுதுகிறோம்.

பட்டியலுக்குப் புதிதாக அலைய வேண்டாம். உங்கள் வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியல் தேர்தல் துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதை அச்செடுத்து, 18 வயது நிறைந்தும் விட்டுப்போனவர்களைச் சேர்த்து, இறந்தவர்களையும் வேறூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்களையும் நீக்குங்கள். வந்த மருமகள்களைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள், நீக்கும் வேலை மட்டும் எப்போதும் சுறுசுறுப்பாக நடக்கிறது. கடலில் இருப்பவர், சிறையில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் ஊரை விட்டுப் போனவர் அல்லர். பெயர் இருக்கட்டும், ஆனால் அவருக்காக இன்னொருவர் வாக்குப் போடக் கூடாது. ஏழு நாள் முன்னதாகப் பட்டியலை ஒட்டி, ஒலிபெருக்கியிலும் படியுங்கள். பெண்ணை அவள் பெயரால் படியுங்கள்.

கை தூக்குவது வேண்டவே வேண்டாம். புருஷன் கை ஒரு பக்கம் தூக்கியிருக்க, பெண்டாட்டி மறுபக்கம் தூக்க மாட்டாள். தூக்கினால் அன்றைக்கு இரவு அந்த வீட்டில் இன்னொரு கூட்டம். கடன் வாங்கியவனும் கடன் கொடுத்தவன் முன்னால் தூக்க மாட்டான், ஆக இது ஆண்களுக்கும் நல்லதுதான். இரண்டு பெட்டி வைத்து, ‘ஆம்’ பெட்டி ‘இல்லை’ பெட்டி என்று பிரிப்பதும் கூடாது. முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டிதான். சீட்டில் குறி எதுவும் கிடையாது, எந்தப் பெட்டியில் போட்டாயோ அதுதான் வாக்கு. அதில் உள்ள கோளாறு, மறைவுக்குள் போனவன் சீட்டைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்து விற்கலாம், வாங்கியவன் நாலைந்தைச் சேர்த்து ஒரே பெட்டியில் போடலாம்.

ஆகவே ஒரே பெட்டி, ஒரே சீட்டு, இரண்டு படம். ஏ4 தாளை எட்டாக வெட்டினால் சீட்டு சரியான அளவு. 700 பேர் உள்ள ஊருக்கு 90 தாள் போதும். மேல் பாதியில் வள்ளம், ‘வேண்டும்’. கீழ்ப் பாதியில் நங்கூரம், ‘வேண்டாம்’. எழுத்து தெரியாதவருக்கும் சிக்கல் இல்லை. குறியிட விரலை மையில் தொடக் கூடாது, ரேகை ஆளைக் காட்டிக்கொடுக்கும். பேனா மூடியை மைத்தட்டில் தொட்டு வைத்தால் எல்லோர் குறியும் ஒரே வட்டம். மடிப்பில் கவனம் வேண்டும். குறுக்காக மடித்தால் மேலே வைத்த ஈர மை கீழே ஒட்டி இரண்டு குறியாகும், எண்ணும்போது செல்லாத வாக்கு என்று சண்டை வரும். நீளவாக்கில் மடித்தால் மை ஒட்டினாலும் அதே படத்திலேயே ஒட்டும். சீட்டின் முதுகில் கமிட்டியிலிருந்து ஒருவர், பெண்கள் சார்பில் ஒருவர் கையெழுத்து. வரிசை எண் போடாதீர்கள், எண் இருந்தால் யார் சீட்டு என்று தெரிந்துவிடும். கொடுத்த சீட்டு எத்தனை, மிச்சம் எத்தனை, பெட்டியில் எத்தனை, மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஓர் ஆளுக்கு அரை நிமிடம். இரண்டு மேசை, இரண்டு மறைப்பு போட்டால் 700 பேருக்கு 3 மணி நேரம். மறைப்புக்குத் தார்ப்பாய் போதும், ஆனால் விளக்கு அதற்குப் பின்னால் இருந்தால் நிழலில் கை தெரியும், வெளிச்சம் வாக்காளர் தலைக்கு மேலே இருக்கட்டும். இரண்டு மேசையையும் ஆண் மேசை, பெண் மேசை என்று பிரிக்கலாம், பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பெண்கள் எப்படிப் போட்டார்கள் என்று மறுநாள் டீக்கடையில் தெரிந்துவிடும். எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி, 25 ஆகக் கட்டுங்கள். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது. தலைவருக்கு இரண்டாவது வாக்கு கிடையாது.

நேரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. இரவு 8 மணிக் கூட்டம் என்பது, அதிகாலை 3 மணிக்கு மீன் எடுக்கக் கிளம்புகிறவளை வராதே என்று சொல்வது. பாசிக்குப் போகிறவள் சாயங்காலம்தான் கரையேறுவாள். ஆகவே பேச்சு 4 மணிக்கு மேல். ஒரு மைக்கைக் கையோடு கைமாற்றினால் முன்வரிசையிலேயே அது சுற்றிக்கொண்டிருக்கும். கம்பத்தில் நிறுத்திய மைக் இரண்டு போடுங்கள், ஒன்று பெண்கள் பக்கம்.

இனி நாங்கள் கேட்பது.

கிலோவுக்கு 2 ரூபாய் வரியை இப்போதே நிறுத்திவையுங்கள். ரத்து என்று சொல்லவில்லை. ஊருக்குப் பணம் வேண்டும் என்றால் எவ்வளவு, எதற்கு என்று கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள். விசைப்படகு, நாட்டுப்படகு, நண்டுக் கம்பெனி, பாசி எல்லோரும் சேர்ந்து பங்கு பேசுவோம். இதுவரை வியாபாரிகள் பிடித்த தொகையை ஆள் ஆளாக எழுதிக் காட்டுங்கள்.

‘தலைக்கட்டுக்கு ஒருவர்’ என்பதை ‘18 வயது நிறைந்த ஆளுக்கு ஒரு வாக்கு’ என்று மாற்றும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள். அந்தத் தீர்மானத்துக்கான வாக்கெடுப்பிலேயே பெண்களும் வாக்களிக்க வேண்டும். ஆண்கள் மட்டும் கூடி, பெண்களைச் சேர்க்கலாமா என்று தீர்மானிப்பதை ஏற்க மாட்டோம்.

கமிட்டியில் பாதி இடம். கைம்பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் அதில் குறைந்தது ஓர் இடம். பொருளாளர், செயலாளர் பொறுப்புகளில் ஒன்று பெண்ணிடம், கையெழுத்து அதிகாரத்தோடு. அவர் கூட்டத்துக்கு வராத நாளில் அவர் புருஷன் வந்து அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

கூட்டப் புத்தகத்தில் பேசியவர் பெயரும் பேசியதும் அவர் சொன்ன சொல்லிலேயே வர வேண்டும். கலைவதற்கு முன் படித்துக்காட்டி, அதன் பிறகே கையெழுத்து. நடுவில் வெற்று வரி விடக் கூடாது, மிச்சமிருக்கும் பக்கத்துக்குக் குறுக்குக் கோடு. பக்கத்தின் நகல் இரண்டு நாளில் பலகையில். அந்த இரவின் பக்கத்தில் ‘கூச்சலிட்டனர்’ என்பதை அடித்துவிட்டு, அன்று கேட்ட கேள்வியை எழுதுங்கள்: “ஆம்பளை இல்லாத வீட்டுக்காரி என்ன செய்வாள்?” அதன் கீழே உங்கள் பதில்.

பதிலுக்கு 15 நாள். வீடு தேடி வந்து புருஷனிடமோ மகனிடமோ சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பாசி வரியை அறிவித்த அதே ஒலிபெருக்கியில், அதே விடியற்காலையில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும், மீன் விற்கும், கருவாடு காயவைக்கும் பெண்கள்,
இராமநாதபுரம் கடற்கரை.